உலர் அறையில் கதவு அக்கா

வேலை நேரத்தில் தாகம் எடுத்தால் நீங்கள் யாரிடம் அனுமதி கேட்கிறீர்கள்? சிரிக்காதீர்கள், யோசித்துச் சொல்லுங்கள். எழுந்து போய் ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து உட்காருகிறவர் என்றால், உங்களிடம் இருப்பது எவ்வளவு பெரிய சொத்து என்று உங்களுக்கே தெரியாது. கதவு அக்காவுக்குத் தெரியும்.

அந்தப் பெயர் அவருக்கு அவர் வாயால் வந்தது. ஆராய்ச்சிக் கூடத்தின் கீழ்த்தளத்தில், நடைவழி முட்டி நிற்கும் இடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அதன் கைப்பிடியை யாராவது தொட்டால் போதும், உள்ளேயிருந்து "கதவு!" என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வந்தவர்கள் பயந்து பின்வாங்குவார்கள். பழகியவர்கள், "கதவு அக்கா உள்ள இருக்காங்க, தட்டாதே" என்பார்கள். வீட்டில் நாத்தனார்கூட அப்படித்தான் கூப்பிடுவாள். "அண்ணி, குளியலறைக் கதவையாவது திறந்து வைக்கலாமா, இல்ல அதுக்கும் சத்தம் போடுவீங்களா?"

அறையில் இருந்தது ஒரு அகச்சிவப்பு நிறமாலைமானி. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை ஒரு பொருளின் மேல் பாய்ச்சினால், அந்தப் பொருள் தனக்கு வேண்டிய பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தை வெளியே விடும். கொழுப்பு விழுங்குகிற பங்கு வேறு, புரதம் விழுங்குகிற பங்கு வேறு. எது எவ்வளவு விழுங்கியது என்று இயந்திரம் மேடும் பள்ளமுமாகத் திரையில் ஒரு கோடு வரைந்து காட்டும். கதவு அக்காவின் வேலை அந்தக் கோடுகளை எடுப்பது.

கோடு எடுக்கப்பட்டது மனிதத் தசைக்கு. முட்டி அறுவைக்கு வந்தவர்கள், ஆறாத புண்ணால் காலையே இழக்க வந்தவர்கள், இவர்களிடம் சம்மதம் வாங்கி மருத்துவமனை அனுப்பும் துணுக்குகள், முடியைவிட மெல்லிய சீவல்களாகப் பளபளப்பான சிறு தகடுகளில் ஒட்டி வரும். பாதிப் பேர் நீரிழிவுக்காரர்கள், பாதிப் பேர் நோய் இல்லாதவர்கள். நீரிழிவு தசைக்குள் என்ன செய்கிறது? அதுதான் கேள்வி. நோய் முற்றியவர்களின் கோட்டில் கொழுப்பு மேடு தலை தூக்கி நிற்கும். புரத மேடு பழைய சுவர்போல ஒரு பக்கம் சாயும். நடக்கவும் ஏறவும் தூக்கவும் வேண்டிய சதை, உள்ளுக்குள்ளேயே குணம் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அக்கா எடுத்த கோடுகளைப் பார்த்தே மருத்துவர்கள் அதை முதலில் நம்பினார்கள்.

இந்த ஒளிக்கு ஒரு பேராசைக்காரப் பங்காளி உண்டு. தண்ணீர். காற்றில் இருக்கிற ஈரம்கூடத் தன் பங்கைக் கேட்டு வந்துவிடும். அதனால் முதலில் தகடு வைக்காமல் வெறும் காற்றை ஒரு தடவை அளப்பார்கள். பிறகு தகட்டை வைத்து அளப்பார்கள். இயந்திரம் முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் யாராவது கதவைத் திறந்து நடைவழியின் ஈரக்காற்றை உள்ளே விட்டால் கழித்தல் பிசகும். புரத மேட்டின் மேலேயே பொடிப் பொடியாக ரம்பம்போல முட்கள் கிளம்பும். அந்தக் கூடத்தில் அதற்குப் பெயர் 'பல்'. "பல்லு முளைச்சிருக்கு" என்றால் அந்த அளவீடு குப்பை.

பல் முளைக்காமல் இருக்கத்தான் கதவில் ஒரு விதிப்பலகை தொங்கியது. வேலை நடக்கும்போது கதவைத் திறக்கக் கூடாது. தண்ணீர்ப் பாட்டில் கொண்டு வரக் கூடாது. உள்ளே எதையும் குடிக்கக் கூடாது. ஈரக் குடை, ஈரத் துணி, ஈரத் தலை ஆகாது. வேலை நாளில் அக்கா தலைக்குக் குளிப்பதில்லை. தகட்டை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், ஏனென்றால் மூச்சிலும் ஈரம் இருக்கிறது. மூலையில் ஓர் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். அறைக் காற்றிலிருந்து பிழிந்த தண்ணீர் அதன் அடியில் இருக்கும் வாளியில் சொட்டும். மாலையில் வாளியைக் கொண்டுபோய்க் கொட்டுவதும் அக்காதான்.

"அக்கா, அந்தத் தண்ணி எங்கேருந்து வருது தெரியுமா?" என்பாள் ஆராய்ச்சி மாணவி. இந்தத் தசைகளை வைத்துத்தான் அவள் பட்டம் வாங்க வேண்டும். "கதவும் திறக்கிறதில்ல, ஜன்னலும் இல்ல. உள்ள இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். உங்களைத்தான் சொட்டுச் சொட்டாப் பிழிஞ்சு வாளியில வச்சிருக்கு."

"பிழியட்டும்டி. கொஞ்சம் இளைச்சா எங்க வீட்டுக்காரர் வேன்ல முன் சீட்டு குடுப்பார்" என்பார் அக்கா.

இப்படிச் சிரித்துக்கொண்டே அக்கா அந்த அறையில் வருடக்கணக்காக இருந்தார். பிறகு தாகம் வந்தது.

முதலில் அது கோடைக்காலத்தின் தாகம் போலத்தான் இருந்தது. கோடை போயிற்று, தாகம் போகவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேசினால் வாயில் பஞ்சு வைத்ததுபோல இருந்தது. வேலைக்குள் நுழையும் முன் ஒரு சொம்பு குடித்துவிட்டுப் போனால், இரண்டு தகடு முடிவதற்குள் அடிவயிறு முட்டும். வெளியே போனால் பல் முளைக்கும். குடிக்காமல் போனால் கண் இருட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கும் என்று அக்கா தேடிப் பார்த்தார். இல்லை. கடைசியில் குடிக்காமல் இருப்பதையே வழியாக்கிக்கொண்டார். மாலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு போகும்போது உள்ளே தளும்பும் தெளிந்த தண்ணீரைப் பார்ப்பார். பார்வையைத் திருப்பிக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் பிரயாசை வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் குடத்தைத் திறப்பார்.

"எங்க அண்ணனுக்குப் பொண்ணு பார்க்கப் போனப்போ நானும்தான் கூடப் போனேன்" என்பாள் நாத்தனார். "பொண்ணுன்னுதான் சொன்னாங்க. ஒட்டகம்னு யாருமே சொல்லல."

வேன் ஓட்டிவிட்டு வந்து கால் நீட்டியிருக்கும் கணவர், "விடு. நாள் பூரா காஞ்சு கெடக்கா, குடிக்கட்டும்" என்பார். குடிக்கட்டும் என்று சொன்னாரே தவிர, ஏன் இப்படிக் குடிக்கிறாள் என்று அவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் மகள், பள்ளி விடுமுறை வந்தால் நின்றுபோகிற வேன், வாடகை தவறினால் முகம் மாறும் வீட்டுக்காரம்மா, இத்தனையும் அக்காவின் வேலை என்கிற ஒரே ஆணியில் மாட்டியிருந்தன. அந்த ஆணிக்கு ஆயுள் ஒரு வருடம். ஒவ்வொரு வருடமும் கூடத்தின் தலைவரான பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடத்துக்கு வேலை உண்டு.

அடக்க முடியாத நாட்களில் அக்கா ஓடிப் போய்விட்டு வந்தார். பல் முளைத்தது. பேராசிரியர் திரையில் அதைப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீரிழிவால் கால் இழந்தவர்களைப் பற்றி மேடையில் பேசினால் கேட்கிறவர்களின் கண் கலங்கும். அப்படிப்பட்டவர், வாராந்திரக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் அந்தக் கோட்டைச் சுவரில் பெரிதாகப் போட்டார்.

"இது என்னன்னு யாராவது சொல்ல முடியுமா? தசைன்னு நெனச்சா ஏமாந்துடுவீங்க. இது நம்ம கதவு அம்மா பாத்ரூம் போய் வந்த கணக்கு."

கூட்டம் சிரித்தது. மாணவி சிரிக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. அக்கா கடைசி வரிசையில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். உடம்பு போடுகிற முறையீட்டை ஒரு இயந்திரம் படம் எடுத்துச் சுவரில் மாட்டுகிறது, படித்த கூட்டம் அதைப் பார்த்துச் சிரிக்கிறது. இதற்கு அறிவியல் என்று பெயர்!

அதன் பிறகு ஒரு நாள் தகடு வைக்கும்போது அக்காவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மாணவி அறைக்குள் வந்தபோது அவர் "கதவு" என்று சொல்லவில்லை. மேஜையில் தலை சாய்த்திருந்தார். மாணவியின் பையில், துணுக்கு தர முன்வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் சர்க்கரை மீட்டர் இருந்தது. கேட்காமலே விரலைப் பிடித்துக் குத்தினாள். வந்த எண்ணை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. மீட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

"அக்கா, என்ன சாப்பிட்டீங்க?"

"இன்னும் ஒண்ணும் சாப்பிடல."

"அப்படின்னா இது..."

"தெரியுதுடி. இத்தனை வருஷமா எதிர்ல உக்காந்து அதைத்தானே படம் எடுக்கிறேன். படி ஏறும்போது தொடை கல்லா இறுகும்போதே தெரிஞ்சது." அக்கா விரல் நுனியில் இருந்த ரத்தப் பொட்டைச் சேலையில் துடைத்தார். "வெளிய சொன்னே, உன்னோட பேச மாட்டேன்."

மறுநாள் போய்ப் பார்த்த மருத்துவரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "நிறையத் தண்ணி குடிங்க. பாத்ரூம் வந்தா அடக்காதீங்க. ஒரே இடத்துல ரொம்ப நேரம் உக்காராதீங்க, அப்பப்போ எழுந்து நடங்க. நடந்தாத்தான் தசை சர்க்கரையை எடுத்துக்கும். என்ன வேலை பார்க்கிறீங்க?"

"உக்காந்து பார்க்கிற வேலைம்மா."

"நல்லதாப் போச்சு. நெனச்சா எழுந்துக்கலாமே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவர் செய்யச் சொன்ன ஒவ்வொன்றும் பலகையில் கூடாது என்று எழுதியிருந்தது.

சொல்லிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் இருந்தார். பாட்டில் அண்ணன் என்பார்கள். அவர் ஒரு நாள் தனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொன்னார். எல்லோரும் உருகினார்கள். "ஓய்வெடுங்க அண்ணே" என்று அனுப்பி வைத்தார்கள். அந்த ஓய்வு இன்னும் முடியவில்லை. இப்போது பாத்திரம் கழுவுகிறவர் வேறு ஆள்.

அக்கா மாத்திரையைப் பையின் அடியில் ஒளித்து வைத்தார். தண்ணீர் இல்லாமல் மாத்திரையை விழுங்கப் பழகினார். சதையைப் படிக்கிற அறையில் அவருடைய சதை காய்ந்துகொண்டிருந்தது.

பின்னால் சேர்ந்த தூசியைத் தட்ட முதல் தடவையாக இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்திய அன்று, அதன் முதுகில் ஒரு துளை தெரிந்தது. பிளாஸ்டிக் மூடி போட்டு மூடியிருந்தது. மூடி புதுக் கருக்கோடு இருந்தது. யாரும் அதைத் திறந்ததே இல்லை.

மாணவி குனிந்து பார்த்தாள். "அக்கா, இது உலர்ந்த காற்றுக் குழாய் மாட்டுற வாய். நான் முன்னாடி படிச்ச இடத்துல மாட்டியிருந்தாங்க. இயந்திரத்தோட வயித்துக்குள்ள மட்டும் காய்ஞ்ச காத்து போய்க்கிட்டே இருக்கும். அறை எப்படி இருந்தாலும் கவலையில்ல. அங்க கதவையே சாத்த மாட்டாங்க. ஒருத்தர் பக்கத்துலயே உக்காந்து டீ குடிப்பார்."

"டீயா?"

"டீ."

சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில் உலர்ந்த காற்றுக் குழாய் வேறொரு கருவிக்காக ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தது ஒரு சுவர். அப்படியானால் பலகை? அது இதற்கு முன்னால் இருந்த பழைய இயந்திரத்துக்காக எழுதியது. அதன் ஒளி ஜன்னல்கள் உப்புக் கட்டியில் செய்தவை. ஈரக்காற்று பட்டால் மங்கிக் கரைந்து போகும். அதற்கு அந்தப் பத்தியம் தேவைதான். அந்த இயந்திரம் பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்தது. பத்தியம் மட்டும் தங்கிவிட்டது. ஏன் என்று கேட்கக் கூடாத விதி எங்கே இருந்தாலும் அது மூடநம்பிக்கைதான். வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டால் அது அறிவாகிவிடாது. ஒரு குழாய் மாட்ட வேண்டிய இடத்தில் ஒரு மனுஷியை உட்கார வைத்திருந்தார்கள்.

பேராசிரியருக்குத் தெரியாமல் இருக்கலாம், சொன்னால் மாட்டிவிடுவார் என்று நம்பித்தான் இருவரும் அவர் அறைக்குப் போனார்கள். அக்கா துளையைப் பற்றிச் சொல்லி முடித்தார்.

"தெரியும்மா" என்றார் பேராசிரியர்.

"தெரியுமா சார்?"

"மெஷின் வந்த அன்னைக்கே தெரியும். மாட்டலாம். மாட்டிட்டா என்ன ஆகும்? கதவு திறந்தே கெடக்கும். ஆளாளுக்கு உள்ள வந்து அரட்டை அடிப்பாங்க. நீயும் எழுந்து எழுந்து போவே. இப்போ நாளைக்கு எத்தனை தகடு முடியுது பாரு. கதவு மூடியிருக்கிறதாலதான் வேலை நடக்குது."

இத்தனை வருடமும் கதவு மூடியிருந்தது இயந்திரத்துக்காக என்று அக்கா நினைத்திருந்தார். யாராவது கைப்பிடியைத் தொட்டால் அதற்காகத்தான் கத்தினார். கதவு மூடியிருந்தது தனக்காக. தன்னை உள்ளே வைத்துத் தானே காவல் காத்திருக்கிறார்.

"திடீர்னு ஏன் இதெல்லாம் கேட்கிற? உடம்புக்கு ஏதாவதா?"

மாணவி அக்காவைப் பார்த்தாள். அக்கா தரையைப் பார்த்தார். பாட்டில் அண்ணன் நினைவுக்கு வந்தார். மகள் நினைவுக்கு வந்தாள். ஆனாலும் வாய் உலர்ந்திருந்தது. அந்த உலர்ந்த வாய்தான் பேசியது.

"சர்க்கரை சார்."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு கால்களைப் பார்த்தார்.

"எப்போலேருந்து?"

"இப்பத்தான் தெரிஞ்சது."

அவர் மாணவியின் பக்கம் திரும்பினார். குரலில் உண்மையான உற்சாகம். "பாரு, நம்மகிட்ட இருக்கிறது எல்லாம் முத்திப்போனவங்க. ஆரம்பக் கட்டத்துல, இந்த வயசுல, ஒரு பொண்ணோட தசை நம்மகிட்ட இல்லவே இல்லையே!" பிறகு அக்காவிடம்: "தொடையில சின்னத் துணுக்கு. மரத்துப்போக ஊசி போட்டுடுவாங்க. அதைக் குடு. உன் குழாயையும் அடுத்த வருஷத்து வேலையையும் சேர்த்துப் பார்த்துடலாம்."

"சார், வேலையைக் காட்டிக் கேட்டா அது சம்மதம் ஆகாது" என்றாள் மாணவி. அவள் குரல் கிறீச்சிட்டது. கூட்டத்தில் பேசாமல் விட்ட பேச்சும் அதில் சேர்ந்து வந்தது.

"நான் என்ன கையைக் காலைக் கட்டியா கேட்டேன்?" என்றார் அவர், உண்மையாகவே புண்பட்டு.

வீட்டில் அன்று எல்லாம் வெளியே வந்தது. நாத்தனார் ஒட்டகத்தைப் பற்றிப் பேசவில்லை. குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். "குடுத்துடுங்க அண்ணி. ஒரு துணுக்குதானே. வேலை நிலைக்கும்ல."

கணவர் வேன் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். "இத்தனை நாளா நானும் குடி குடின்னு சொன்னேனே ஒழிய..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு, "நீ என்ன நெனைக்கிற?" என்றார்.

"துணுக்கு குடுக்கிறதுல எனக்கு ஒண்ணுமில்ல" என்றார் அக்கா. "அந்தத் தகடு ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தர் குடுத்ததுதான். காலே போகப்போற நேரத்துல, அடுத்தவனுக்காவது உதவட்டும்னு குடுத்தாங்க. சும்மா கேட்டிருந்தா நானும் குடுத்திருப்பேன். இவர் கதவைச் சாத்திப் பிடிச்சுக்கிட்டு, குடு, திறக்கிறேன்கிறார். அதுக்குக் குடுத்தா, அப்புறம் தண்ணி குடிக்கவும் எதையாவது அறுத்துக் குடுக்கணும்."

மறுநாள் அக்கா தலைக்குக் குளித்தார். ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய், கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் வைத்தார். வெறும் காற்றை அளந்தார். தாகம் எடுத்தது. எழுந்தார். கதவை அகலத் திறந்து முக்காலியை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். குடித்தார். நடைவழியின் கோடி வரை நடந்தார், திரும்பினார். தகட்டை வைத்து அளந்தார். புரத மேடு முழுக்கப் பல். அந்தக் கோட்டை அவர் அழிக்கவில்லை. 'தண்ணீர் குடித்தேன்' என்று பெயரிட்டுச் சேமித்தார். பிறகு வெறும் காற்றை மறுபடி அளந்துவிட்டு, அதே தகட்டை மறுபடி வைத்தார். பல் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அக்கா எழுந்து போய் வந்தால், காற்றை இன்னொரு தடவை அளக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அவரைக் காய வைத்திருந்தார்கள்.

இப்போது தகடுகள் குறைவாக முடிகின்றன. "கணக்குக் குறையுதே" என்று பேராசிரியர் வாசலில் நின்று கேட்டார். "ஆமா சார், கதவு திறந்திருக்கு" என்றார் அக்கா. அவர் திரும்பிப் போய்விட்டார். அக்கா துணுக்கு கொடுக்கவில்லை. குழாய் மாட்டப்படவில்லை. அடுத்த வருடத்துக்கான தாள் கையெழுத்து இல்லாமல் பேராசிரியரின் மேஜையில் கிடக்கிறது. வருடம் முடியப் போகிறது. பக்கத்து அறைக்காரர்கள் வழியில் முக்காலியைப் பார்த்துச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறவர்கள் உண்டு. நின்று ஒரு வார்த்தை கேட்கிறவர் மாணவியைத் தவிர யாரும் இல்லை. அக்கா தகடு வைக்கிறார், யாராவது நிற்கிறார்களா என்று காது மட்டும் நடைவழியில் இருக்கிறது.

அந்த நடைவழியில் நீங்கள் இல்லை. ஆனால் உங்கள் அலுவலகத்தில் ஒரு வாசல் காவலர் இருக்கிறார், உங்கள் கடையில் கல்லாவை விட்டு எழ முடியாத ஒரு பெண் இருக்கிறார், உங்கள் ஆலையில் எந்திரத்தோடு கட்டிப்போட்ட ஒருவர் இருக்கிறார். நாளைக்குப் போய், கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள் என்று கேளுங்கள். அவர் ஒரு விதியைச் சொன்னால், அது எந்தச் செத்துப்போன இயந்திரத்துக்காக எழுதிய விதி என்று அதிகாரியிடம் போய்க் கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். கதவைத் திறந்து, அவர் குடித்து முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.